அவிழத் தெரிந்த முடிச்சு

விளையாட்டு விழாவுக்கு முந்தைய நாள் மாலை. இரண்டாம் வகுப்புப் படிக்கும் அக்கா மகள் புது வெள்ளை கேன்வாஸ் ஷூவோடு என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். அதுவரை அவள் போட்டதெல்லாம் ஒட்டும் பட்டை வைத்த ஷூ. பட்டையைப் பிடித்துச் சர்ரென்று இழுத்தால் கழன்றுவிடும், அமுக்கினால் ஒட்டிக்கொள்ளும். லேஸ் வைத்த ஷூ இதுதான் முதல்முறை.

"ரேஸ்ல ஓடும்போது அவுந்துடக் கூடாது மாமா. எப்படிக் கட்டணும்னு சொல்லிக்கொடு."

நாற்பது வருடமாகத் தினமும் செய்கிற வேலைதானே என்று ஆரம்பித்தேன். "இதை எடுத்து இது மேல போடு. இப்ப இதை இதுக்குக் கீழ விட்டு வெளிய எடு. அப்புறம் இதை இப்படி மடிச்சு..." ஒரு நிமிடத்துக்குள் பத்து 'இது' வந்துவிட்டது. அவள் முழித்தாள். கண்ணை மூடிக்கொண்டு கட்டச் சொன்னால் கட்டிவிடுவேன். ஆனால் எந்த நுனி எதன் மேல் போகிறது என்று கேட்டால், கட்டிப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது. கைக்குத் தெரிந்த பாடம் வாய்க்குத் தெரியவில்லை.

கடைசியில் ஆளுக்கொரு ஷூவாகக் கட்டிக் காட்டினோம். ஒன்றில் அக்கா, ஒன்றில் நான். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த குழந்தை கேட்டாள்: "அம்மா கட்டின பூ படுத்திருக்கு. நீ கட்டினது மட்டும் ஏன் மாமா நெட்டுக்குத்தா நிக்குது?"

குனிந்து பார்த்தேன். அக்கா கட்டியதில் இரண்டு காதும் ஷூவின் குறுக்கே, இடமும் வலமுமாகப் படிந்திருந்தன. என்னுடையதில் ஒரு காது கட்டைவிரலைப் பார்த்தது, இன்னொன்று கணுக்காலைப் பார்த்தது. நாற்பது வருடமாக என் லேஸ் ஏன் பேருந்து நிறுத்தத்திலும் மாடிப்படியிலும் அவிழ்ந்துகொண்டே இருந்தது என்பதற்கான விடை அந்தக் கோணலில் இருந்தது.

கண், நாக்கு, ஊசி

ஷூவின் உடம்புக்குப் பெயர் வைப்பது சுலபம். லேஸ் நுழைகிற ஓட்டை கண். அதற்கு அடியில் நீண்டிருக்கும் தோல் நாக்கு. ஆனால் லேஸின் நுனியில் பிளாஸ்டிக்கால் இறுக்கி வைத்திருக்கும் சின்னஞ்சிறு உறைக்கு நம்மிடம் தனிப்பெயர் இல்லை. 'முனை' என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறோம். ஆங்கிலத்தில் அதற்கு 'ஆக்லெட்' என்று பெயர். 'சிறிய ஊசி' என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. பொருத்தமான பெயர்தான். அந்த உறை உடைந்து விழுந்த பிறகுதான் அது ஊசி வேலை பார்த்துக்கொண்டிருந்தது நமக்கு உறைக்கிறது. பிரிந்துபோன நூல்களை எச்சில் தொட்டு முறுக்கிக் கண்ணுக்குள் நுழைக்கப் பாடுபட்டவர்களுக்கும், நைலான் லேஸின் நுனியைத் தீக்குச்சியில் காட்டி உருக்கி உருட்டியவர்களுக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

'லேஸ்' என்ற சொல்லுக்கு இன்னும் பழைய கதை உண்டு. பிரெஞ்சு வழியாக லத்தீனுக்குப் போனால், அங்கே அது விலங்கையும் பறவையையும் பிடிக்கிற கண்ணியைக் குறிக்கிறது. தமிழில் சுருக்கு.

கயிற்று வேலையில் தமிழ் இரண்டு சொற்களைத் தனித்தனியாக வைத்திருக்கிறது. ஒன்று முடிச்சு. 'முடி' என்ற வினைக்குக் கட்டு என்றும் பொருள், தீர்த்துவிடு என்றும் பொருள். முடிந்த கூந்தலும் முடிந்த வேலையும் ஒரே வினையில் அடங்குகின்றன. முடிச்சுப் போட்டால் காரியம் தீர்ந்தது, அது அங்கேயே நிற்க வேண்டும். கல்யாணத்தில் மூன்று முடிச்சுப் போடுவதும், காசைத் துணி நுனியில் முடிந்து வைப்பதும் அந்த நம்பிக்கையில்தான். அந்த நம்பிக்கையைக் கெடுப்பவனுக்கு முடிச்சவிழ்க்கி என்று பெயர்.

இன்னொன்று சுருக்கு. ஒரு பக்கம் இழுத்தால் இறுகும், இன்னொரு பக்கம் இழுத்தால் உருவிக்கொண்டு வந்துவிடும். பாட்டியின் இடுப்பில் தொங்கும் சுருக்குப் பை ஒரே இழுப்பில் வாயை மூடிக்கொள்கிறது. முளையில் கட்டிய கன்றை அவசரமாக அவிழ்த்துவிட வேண்டுமென்றால் உருவாஞ்சுருக்குதான் கைகொடுக்கும்.

ஷூ லேஸில் நாம் போடுவது இரண்டில் எது? காலையிலிருந்து மாலைவரை நிற்க வேண்டும், அந்த அளவில் முடிச்சு. வீட்டுக்கு வந்து ஒரு நுனியைப் பிடித்து இழுத்ததும் கலைந்துவிட வேண்டும், அந்த அளவில் சுருக்கு. நிற்கவும் வேண்டும், நாம் கேட்டால் மட்டும் அவிழவும் வேண்டும். ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு வேலையையும் ஒரே கட்டுதான் செய்ய வேண்டும் என்கிறோம். இந்த அத்தியாயத்தில் பார்க்கப்போவதெல்லாம் அந்த ஒப்பந்தம் எப்படி நிறைவேறுகிறது, எங்கே முறிகிறது என்பதைத்தான்.

ஒப்பந்தம் பழையது. அர்மீனியாவின் அரெனி குகையில் 2008-ல் கிடைத்த தோல் காலணிக்கு வயது ஏறத்தாழ 5,500 ஆண்டுகள். ஒரே மாட்டுத்தோல் துண்டை வளைத்து, ஓரத்தில் துளையிட்டு, தோல் வாரைக் கோத்து இறுக்கியிருக்கிறார்கள். கண் இருக்கிறது, லேஸ் இருக்கிறது. இன்றைய ஷூவைப் போட்டுப் பழகியவர் அதைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொள்வார்.

இரண்டு அரை முடிச்சுகள்

ஒரு லேஸை எடுத்துத் தொடையைச் சுற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு நுனியும் மேலே இருக்கட்டும். வலது நுனியை இடது நுனியின் மேல் போட்டு, கீழே விட்டு, வெளியே எடுத்து இழுங்கள். இது அரை முடிச்சு. கையை எடுத்த மறுநொடியே நழுவத் தொடங்கும். அதனால்தான் அடுத்த வேலையைச் செய்யும்வரை யாரையாவது கூப்பிட்டு, "கொஞ்சம் இதுமேல விரல வை" என்கிறோம்.

இப்போது அதன் மேல் இன்னொரு அரை முடிச்சு. ஆனால் நுனிகளை அப்படியே விடாமல், மடித்துக் காதுகளாக்கிப் போடுகிறோம். ஒரு காதை மடித்துப் பிடித்துக்கொண்டு, மற்ற நுனியை அதைச் சுற்றிக் கொண்டுவந்து, உண்டான சந்துக்குள் அதையும் மடித்துத் திணித்து, இரண்டு காதையும் பிடித்து இழுத்தால் பூ விழுந்துவிடும். முயல் காது இரண்டு மடித்துக் கட்டுவது, ஒரு காது மடித்துச் சுற்றுவது என்று வழிகள் பல. ஆஸ்திரேலியாவின் இயன் ஃபீகன் இரண்டு காதையும் ஒரே சமயத்தில் ஒன்றுக்குள் ஒன்று நுழைத்து, கண்ணிமைக்கும் நேரத்தில் கட்டுகிற முறையைப் பரப்பியவர். வழி எதுவானாலும், சரியாகக் கட்டினால் கிடைக்கும் முடிச்சு ஒன்றுதான்.

இந்தப் பூவின் எலும்புக்கூட்டைப் பார்க்க வேண்டுமா? காதுகளைத் தொடர்ந்து இழுங்கள். நுனிகள் உள்ளே போய், சந்து வழியாக மறுபக்கம் வந்துவிடும். மிஞ்சுவது ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அரை முடிச்சு. குழந்தைகள் அவசரத்தில் நுனியைக் காதுக்குள் விட்டு இழுக்கும்போது உண்டாகிற, பல்லால் கடித்துப் பிரிக்க வேண்டிய சிக்கலும் இந்த இனம்தான். காதாக மடித்து நுழைத்தால் இழுத்ததும் அவிழும். நுனியாகவே நுழைத்தால் நின்றுவிடும். மடிப்பில் இருக்கிறது சுருக்கு, மடிப்பை நீக்கினால் முடிச்சு.

சரி, மெல்லிய நூலை நிறுத்தி வைப்பது எது? உரசல். அதுவும் சாதாரண உரசல் இல்லை, பெருக்கல் கணக்கில் வளரும் உரசல். துறைமுகத்தில் பெரிய கப்பலின் வடத்தை இரும்புக் குற்றியில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, நுனியை ஒரே ஆள் அலட்சியமாகப் பிடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆய்லர், ஐட்டல்வைன் என்ற இருவரின் பெயரால் வழங்கும் சூத்திரம் அதன் ரகசியத்தைச் சொல்கிறது. உரசல் எண் 0.3 என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுச் சுற்றினால், நுனியில் 1 கிலோ அளவுக்கு இழுத்துப் பிடிப்பவர் மறுபக்கம் ஏறத்தாழ 6.6 கிலோவைத் தாங்குவார். இரண்டு சுற்றில் 43 கிலோ. மூன்று சுற்றில் 285 கிலோவுக்கும் மேல். சுற்று கூடக் கூட பிடிமானம் கூட்டலாக ஏறாமல் மடங்காக ஏறுகிறது. முடிச்சில் குற்றி கிடையாது. ஒரு இழைக்கு மற்ற இழையே குற்றி. அதனால்தான் வழவழப்பான உருண்டை நைலான் லேஸ் சீக்கிரம் நழுவுகிறது, சொரசொரப்பான தட்டைப் பருத்தி லேஸ் பிடித்துக்கொள்கிறது.

பாட்டியின் மேல் பழி

இப்போது என் ஷூவின் கோணலுக்கு வருவோம். இரண்டு அரை முடிச்சு என்றேன். முதலாவதில் வலது நுனி இடதின் மேல் போனது. இரண்டாவதிலும் வலதே இடதின் மேல் போகலாம், அல்லது மாற்றி இடது வலதின் மேல் போகலாம். வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் கிடைப்பது இரண்டு வேறு முடிச்சுகள்.

மாற்றிப் போட்டால் கிடைப்பது ரீஃப் முடிச்சு. காற்று மிஞ்சும்போது பாயைச் சுருட்டிக் கட்ட மாலுமிகள் பயன்படுத்தியதால் வந்த பெயர். அதற்கு வெகு முன்பே கிரேக்கரும் ரோமானியரும் இதை ஹெர்குலிஸ் முடிச்சு என்றார்கள். ரோமானிய மணப்பெண்ணின் இடைக்கச்சையை இந்த முடிச்சால்தான் கட்டுவார்கள். காயத்துக்கு இந்த முடிச்சால் கட்டுப்போட்டால் சீக்கிரம் ஆறும் என்று ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி எழுதிவைத்திருக்கிறார். ஆறுவது அவர் நம்பிக்கை. ஆனால் தட்டையாகப் படிந்து, தோலை உறுத்தாமல் நிற்கிற முடிச்சு இது என்பது உண்மை.

மாற்றாமல் ஒரே பக்கமாக இரண்டு முறையும் போட்டால் கிடைப்பது 'கிரானி'. அதாவது பாட்டி முடிச்சு. கடல் தெரியாதவர்கள் போடுகிற முடிச்சு என்று மாலுமிகள் கேலியாக வைத்த பெயர். சுருக்குப் பையை ஒரு நாளும் நழுவவிடாத நம் பாட்டிமாருக்கு இது அநியாயம்.

எது எதுவென்று கண்டுபிடிக்கக் குனிந்து பார்த்தாலே போதும். ரீஃப் முடிச்சில் காதுகள் ஷூவின் குறுக்கே படியும். பாட்டி முடிச்சில் திரும்பி நெடுக்காக நிற்கும். நேராக வைத்துவிட்டாலும் நான்கு எட்டு நடந்ததும் தானாகத் திரும்பிக்கொள்ளும். 2005-ல் டெரி மூர் என்ற அமெரிக்கர் மேடையேறி மூன்று நிமிடம் பேசியது இதைப் பற்றி மட்டும்தான். ஐம்பது வயதுவரை தப்பாகக் கட்டிவந்ததை அவர் ஒப்புக்கொண்டபோது சபை சிரித்தது. சிரித்தவர்களில் எத்தனை பேர் தங்கள் ஷூவைக் குனிந்து பார்த்தார்களோ!

திருத்துவதும் சுலபம். முதல் அரை முடிச்சில் வலதை இடதின் மேல் போடுகிறவரானால், அதை மட்டும் இடதை வலதின் மேல் என்று மாற்றுங்கள். மீதியைக் கை வழக்கம்போலச் செய்யட்டும். இரண்டையும் சேர்த்து மாற்றினால் மறுபடியும் பாட்டிதான்.

இங்கே ஒரு சந்தேகம் வரும். குழந்தைக்கு எதிரே உட்கார்ந்து கட்டிக் காட்டினால், அது கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலமாகக் கற்றுக்கொள்ளுமே, அதனால்தான் தப்பு நேர்கிறதோ? இல்லை. முதல் பாதியும் இரண்டாவது பாதியும் சேர்ந்தே திரும்பினால், மாறி மாறிப் போடுவது மாறி மாறியே இருக்கும். கணித மொழியில், ரீஃப் முடிச்சின் நுனிகளை ஒட்டவைத்தால் ஒரு இடக்கை மூவிலை முடிச்சும் ஒரு வலக்கை மூவிலை முடிச்சும் சேர்ந்தது கிடைக்கும். கண்ணாடியில் பார்த்தாலும் அதே ஜோடி. பாட்டி முடிச்சில் இரண்டும் ஒரே கை. கண்ணாடியில் இரண்டும் மற்றக் கையாக மாறும், அப்போதும் பாட்டிதான். இடக்கைக்காரர், வலக்கைக்காரர் என்ற பேதம் முடிச்சுக்குக் கிடையாது. ஆபத்து பாதி பாதியாகக் கற்பதில்தான். முதல் பாதியை எதிரே உட்கார்ந்த அப்பாவிடமும், பூப் போடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்த அண்ணனிடமும் கற்றால் என் கதிதான்.

ரீஃப் முடிச்சுக்கும் ஒரு எல்லை உண்டு. 1944-ல் வெளிவந்த தன் பெரிய முடிச்சுக் களஞ்சியத்தில் கிளிஃபோர்ட் ஆஷ்லி, இரண்டு கயிற்றை இணைக்க இதை நம்பாதீர்கள், உயிர்கள் போயிருக்கின்றன என்று எச்சரிக்கிறார். ஒரு நுனியை மட்டும் பிடித்து வெடுக்கென்று இழுத்தால் அந்த இழை நேராகிவிடும், மற்றது அதன்மேல் வெறும் வளையமாகி வழுக்கிக்கொண்டு வரும். அப்படியானால் ஷூவில் எப்படி நிற்கிறது? அடியில் பாதம் இருப்பதால். பாதம் மேலே அழுத்த, லேஸ் கீழே அழுத்த, நடுவில் முடிச்சு நெரிபட்டு நிற்கிறது. இது எதையாவது அணைத்துக் கட்டுவதற்கான முடிச்சு.

ஓடும் காலில் நடப்பது

நன்றாகக் கட்டியதுகூட ஏன் நடக்கும்போது அவிழ்கிறது? லேஸை யாரும் தொடவில்லை. மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தால் அவிழ்வதில்லை. மகளுக்கு லேஸ் கட்டக் கற்றுக்கொடுத்தபோது இந்தக் கேள்வி கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்து இயந்திரவியல் பேராசிரியர் ஆலிவர் ஓ'ரைலியைப் பிடித்துக்கொண்டது. மாணவர்கள் கிறிஸ்டோபர் டெய்லி-டைமண்ட், கிறிஸ்டீன் கிரெக் இருவரோடு சேர்ந்து அவர் செய்த ஆய்வு 2017-ல் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் வந்தது.

கிரெக் ஓட்டப் பழக்கம் உள்ளவர். அவரே டிரெட்மில்லில் ஓடினார். விநாடிக்கு 900 படங்கள் எடுக்கும் கேமரா ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தது. வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு சில விநாடிக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

படத்தை மெதுவாக ஓட்டியபோது இரண்டு கைகள் தெரிந்தன. முதல் கை தரை. ஓடும் பாதம் தரையில் மோதும்போது முடிச்சு வாங்கும் அதிர்ச்சி புவியீர்ப்பைப்போல ஏறத்தாழ 7 மடங்கு. ஒவ்வொரு அடிக்கும் முடிச்சு நசுங்கி, நீண்டு, தளர்கிறது. இரண்டாவது கை காற்றில் வீசும் கால். கால் முன்னே போய் நிற்கும்போது காதும் நுனியும் நிற்காமல் முன்னே பாய்கின்றன. கால் பின்வாங்கினால் அவை பின்னே பாய்கின்றன. கண்ணுக்குத் தெரியாத விரல்கள் நுனியைப் பிடித்துச் சுண்டுவதுபோல. தரையில் மோதி இளகிய முடிச்சு இந்தச் சுண்டலில் கொஞ்சம் நுனியை விட்டுக்கொடுக்கிறது. நுனி நீள நீள, அதன் எடை கூடி, சுண்டும் விசையும் கூடுகிறது. மலைச்சரிவில் ஒரு கல் உருண்டு ஊரே சரிவதுபோல, கடைசி இரண்டு எட்டில் முடிச்சு மொத்தமும் போய்விடும்.

இதில் அழகு எங்கே என்றால், ஒரு கை மட்டும் இருந்தால் வேலை நடக்காது. மேஜைமேல் உட்கார்ந்து காலை வீசிக்கொண்டே இருந்தார்கள், அவிழவில்லை. நின்ற இடத்தில் தொம் தொம்மென்று மிதித்தார்கள், அப்போதும் அவிழவில்லை. இளக்கவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும். நடை இரண்டையும் சேர்த்துச் செய்கிறது. மாலையில் நாம் நுனியைப் பிடித்து இழுப்பதை, நடை நாள் முழுக்கச் சிறுகச் சிறுகச் செய்துகொண்டிருக்கிறது. அவிழத் தெரிந்த முடிச்சுக்கு இழுப்பது விரலா வேகமா என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது.

பள்ளியில் பி.டி. சார் விசில் ஊதுவதற்கு முன், "லேஸை உள்ள திணிங்கடா" என்று சத்தம் போடுவாரே, அது சரியான அறிவியல். காதையும் நுனியையும் ஷூவுக்குள் திணித்துவிட்டால் வீசிப் பறக்க ஒன்றும் இல்லை. இரண்டாவது கையைக் கட்டிப்போட்டாயிற்று.

போர்வை பிழிகிற கணக்கு

பெர்க்லி குழு இரண்டு விதக் கட்டையும் சோதித்தது. இரண்டும் ஒரே மாதிரிதான் அவிழ்ந்தன, பாட்டி முடிச்சு சுலபமாக அவிழ்ந்தது. ஏன் இது பலவீனம், அது பலம் என்பதற்கு அவர்களிடம் பதில் இல்லை. பதில் 2020 ஜனவரியில் 'சயன்ஸ்' இதழில் வந்தது. எம்.ஐ.டி.யின் விஷால் பாட்டீல், மத்தியாஸ் கோலெ, யோர்ன் டுங்கெல் உள்ளிட்டோரின் ஆய்வு. கோலெவின் ஆய்வுக்கூடத்தில் உருவான ஒரு விசேஷ இழை, இழுபடும்போது நிறம் மாறும். அதில் முடிச்சுப் போட்டு இழுத்தால் எங்கே நெருக்கடி என்பதை நிறமே காட்டிவிடும். அதைக் கணினிக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள்.

அவர்கள் கண்டதை நனைந்த போர்வையை வைத்துச் சொல்லலாம். இரண்டு பேர் ஆளுக்கொரு நுனியைப் பிடித்து, ஒருவர் ஒரு பக்கமும் மற்றவர் எதிர்ப்பக்கமும் முறுக்கினால் போர்வை கெட்டியாகி நீர் ஒழுகும். இருவரும் ஒரே பக்கமாக உருட்டினால்? போர்வை சும்மா சுழலும், சொட்டுத் தண்ணீர் வராது. முடிச்சை இறுக்கும்போது ஒவ்வொரு குறுக்கிலும் இழை லேசாகத் தன்னைத்தானே சுற்றுகிறது. பக்கத்துப் பக்கத்துக் குறுக்குகளில் அது எதிரெதிராகச் சுற்றினால், இழைக்குள் முறுக்கேறிப் பூட்டிக்கொள்ளும். ஒரே பக்கமாகச் சுற்றினால் உருண்டு நழுவும். ரீஃப் முடிச்சில் எதிரெதிர்த் திருகல் கூடுதல். பாட்டி முடிச்சில் இழை உருண்டுகொண்டு போகிறது. குறுக்குகளின் எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றுதான், திருகும் திசையில்தான் பலம். வலது மேலா இடது மேலா என்ற அந்த ஒரு மாற்றம் இழைக்குள் போய் இவ்வளவு வேலை செய்கிறது.

கழுத்தில் ஏறிய லேஸ்

முடிச்சுக்கு முன்னால் கோப்பது என்று ஒன்று இருக்கிறது. அதைக் கணிதக்காரர்கள் விட்டுவைக்கவில்லை. குறைந்த நீள லேஸில் எல்லாக் கண்களையும் கோக்கும் வழி எது? ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த புர்கார்ட் போல்ஸ்டர் 2002-ல் 'நேச்சர்' இதழில் விடை சொன்னார். வழக்கமான பெருக்கல்குறிக் கோப்பும் இல்லை, குறுக்குக் கோடுகளாகப் போகும் நேர்க்கோப்பும் இல்லை. யாரும் அதிகம் போடாத வேறொரு கோப்புதான் மிகச் சிக்கனம். ஆனால் பலத்தில் வழக்கமான இரண்டும்தான் முதலிடம். கண் வரிசைகள் நெருக்கமாக இருந்தால் பெருக்கல்குறி, எட்டி இருந்தால் நேர்க்கோப்பு. கணக்குப் படிக்காத கால்கள் தலைமுறை தலைமுறையாகப் போட்டுப் பார்த்துச் சரியானதைத் தேர்ந்திருக்கின்றன. சிக்கனக் கோப்பின் பெயர்தான் வேடிக்கை: 'போ டை' கோப்பு. மேலிருந்து பார்த்தால் கழுத்தில் கட்டும் போ டைபோல இருக்கும் என்பதால்.

போ டை கட்டுவது பெரிய வித்தை என்று ஒரு பேச்சு உண்டு. நம் ஊர்க் கல்யாண ரிசப்ஷன்களில் மாப்பிள்ளை கழுத்தில் இருப்பது பெரும்பாலும் கடையிலேயே கட்டித் தைத்து, பின்னால் கொக்கி வைத்தது. கையால் கட்டுகிற நிஜ போ டை ஒரு நீளத் துணிப்பட்டை. நடுவில் ஒடுங்கி, இரண்டு முனையிலும் அகன்று, முனையருகே இடை சிறுத்திருக்கும். பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சுக்குப் போரிட வந்த குரோஷியக் கூலிப்படையினர் கழுத்தில் சுற்றியிருந்த துணிதான் இதன் மூதாதை. 'கிரவாட்' என்ற சொல்லே குரோஷியரின் பெயர்தான். போ டையைப் பிரெஞ்சுக்காரர்கள் பட்டாம்பூச்சி முடிச்சு என்கிறார்கள்.

கட்டும் முறை இது. கழுத்தைச் சுற்றிப் போட்டு, ஒரு முனையைச் சில சென்டிமீட்டர் கூடுதலாகத் தொங்கவிடுங்கள். நீண்டதைக் குட்டையானதன் மேல் போட்டு, கீழிருந்து மேலே இழுத்துத் தோளில் போடுங்கள். அரை முடிச்சு ஆயிற்று. குட்டை முனையை அதன் இடுப்பில் மடித்து, கழுத்துக்குக் குறுக்கே பூவாகப் பிடியுங்கள். முதல் காது. தோளில் கிடப்பதை அதன் நடுவே முன்பக்கமாகத் தொங்கவிட்டு, மடித்து, முதல் காதுக்குப் பின்னால் இருக்கிற சந்துக்குள் நுழையுங்கள். இரண்டாவது காது. இரண்டையும் பிடித்து இழுங்கள்.

எங்கேயோ கேட்டதுபோல இருக்கிறதா? ஷூவில் போட்ட அதே முடிச்சு, ஒரு அசைவுகூட வேறில்லை. ரெட்டை ஜடையை மடித்து அம்மா போட்டுவிட்ட ரிப்பன் பூவும் இதேதான். அப்படியானால் போ டை மட்டும் ஏன் பயமுறுத்துகிறது? முடிச்சு தாடைக்குக் கீழே, நம் கண்ணுக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது. கண்ணாடியைப் பார்த்தால் கை எந்தப் பக்கம் போகிறது என்ற குழப்பம். கட்டக் கற்றுக்கொடுப்பவர்கள் சொல்லும் யோசனை அழகானது: முதலில் தொடையைச் சுற்றிக் கட்டிப் பழகுங்கள். பார்வை மேலிருந்து கீழே, கை ஷூவுக்குக் குனிந்தாற்போல. கை உடனே புரிந்துகொள்ளும், 'அட, இதுவா!'

ஒரு விஷயத்தில் போ டை ஷூவைவிடக் கறாரான வாத்தியார். பாட்டி முடிச்சாகப் போட்டால் பட்டாம்பூச்சி ஒரு சிறகைத் தாடைக்கும் இன்னொன்றைத் தொப்புளுக்கும் காட்டிக்கொண்டு நிற்கும். யார் கண்ணிலும் படாமல் நாற்பது வருடம் தள்ள முடியாது. ஷூ கீழே இருப்பதால்தான் என் தப்பு இத்தனை நாள் பிழைத்தது.

மறுநாள்

விழா அன்று காலையில் அவள் தானே கட்டினாள். "முதல்ல இந்தக் கை மேல, அப்புறம் அந்தக் கை மேல" என்று தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டு. ராத்திரி முழுக்க யோசித்து நான் கண்டுபிடித்த பாடம் அவ்வளவுதான். 'இது' எதுவும் அதில் இல்லை. பூ குறுக்கே படிந்தது. காதுகளை ஷூவுக்குள் திணித்துக்கொண்டாள்.

ஓட்டத்தில் நான்காவதாக வந்தாள். லேஸ் அவிழவில்லை. அந்தப் பக்கம் இரண்டாவதாக ஓடிக்கொண்டிருந்த ஒரு பையன் பாதியில் நின்று, குனிந்து கட்டிவிட்டு மறுபடி ஓடினான். கடைசியாக வந்தான். தூரத்திலிருந்து அவன் ஷூவைப் பார்த்தேன். புதிதாகப் போட்ட பூ ஏற்கெனவே நெடுக்காகத் திரும்பிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவள் ஷூவைக் கழற்ற உட்கார்ந்தாள். உள்ளே திணித்ததை வெளியே எடுத்து, ஒரு நுனியை இரண்டு விரலால் பிடித்து இழுத்தாள். நாள் முழுக்க மைதானத்து மண்ணுக்கும் ஓட்டத்துக்கும் அசையாத முடிச்சு, சத்தமில்லாமல் கலைந்தது. தமிழில் மொட்டு விரிவதற்கும் முடிச்சுக் கலைவதற்கும் அவிழ்தல் என்று ஒரே சொல் இருப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவள் அதற்குள் ஷூவை மூலையில் எறிந்துவிட்டுப் போயிருந்தாள். நான் உட்கார்ந்து என் லேஸை அவிழ்த்து, முதல் பாதியை மட்டும் மாற்றிப் போட்டுப் பார்த்தேன். கை முரண்டு பிடித்தது. மூன்றாவது முறையில் பூ படுத்தது.